அவசர ஜீப்பின் பழைய எண்

விஜய்ராஜ் மஸ்கட்டுக்குப் புறப்பட்டது வீரபாண்டித் திருவிழா முடிகிற செவ்வாய்க்கிழமையன்று. கம்பம் சாலையில் வண்டிகள் எல்லாவற்றையும் சுற்றுப்பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களும், பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ராட்டினத்தைப் பார்க்க ஓடுகிறவர்களுமாகச் சாலையே தெரியவில்லை. அவன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தை நடந்தே கடந்து, அந்தப் பக்கம் நின்ற ஒரு பேருந்தைப் பிடித்துத் தேனிக்கு வந்து சேர்ந்தபோது சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீர். மதுரைக்குப் போய் விமானம் ஏற இன்னும் நேரம் இருந்தது. நேரே பஜாரில் இணையதளம் செய்துகொடுக்கிற ஏசுதாசன் கடைக்கு மாடியேறினான்.

அங்கே வேலை பார்க்கிற நாகஜோதி ஒரு ஜவுளிக்கடையின் இணையதளத்தில் பள்ளிச் சீருடை விளம்பரத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜோதிக்கா, போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை."

"ஏலே, ஆத்தா திருவிழா அன்னைக்கா கிளம்புவ? வீட்ல ஒருத்தரும் தடுக்கலயா?"

"டிக்கெட்டுப் போட்டவன் மும்பைக்காரன்க்கா. அவனுக்கு கௌமாரியம்மனைத் தெரியுமா, இல்ல என்னையத்தான் தெரியுமா?"

அவள் சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள். வேலை உண்மையிலேயே சின்னதுதான். மலையில் இருக்கிறவர்களுக்காக அவள் செய்து கொடுத்த பக்கத்தில் அவனுடைய போன் நம்பரை எடுத்துவிட்டு, இனிமேல் ஜீப்பை ஓட்டப்போகிற அருண்பாண்டியின் நம்பரைப் போட வேண்டும்.

கம்பம்மெட்டு ஏறி மாநில எல்லையைத் தாண்டினால் ஏலத்தோட்டங்கள். லயங்களில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் பள்ளத்தாக்கிலிருந்து போன குடும்பங்கள் தங்கி வேலை பார்க்கின்றன. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கம்பத்துக்கு இறங்க வேண்டும். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் விஜய்ராஜ் வந்துவிடுவான் என்பதால் அவன் ஓட்டியதை எல்லோரும் அவசர ஜீப் என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன்தான் நாகஜோதியிடம் வந்து, "எழுதப் படிக்கத் தெரியாதவுகளும் கூப்பிடணும்க்கா, தொட்டா எனக்கு மணியடிக்கணும், அவ்வளவுதான்" என்று கேட்டான். அவள் நடுவில் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றும், கீழே மருந்துக்கடைக்கும் நர்சம்மாவுக்கும் சிறிய பொத்தான்களும் வைத்து ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். சிவப்பைத் தொட்டால் ஜீப். நம்பர் என்னவென்று யாரும் பார்க்க வேண்டியதில்லை, யாரும் பார்த்ததும் இல்லை.

அந்தப் பக்கத்தில் அவளுக்கு இருந்த கஷ்டம் மலைதான். மேலே நெட் கிடையாது. பேசுவதற்கான சிக்னல்கூட ஒவ்வொரு தோட்டத்திலும் ஏதாவது ஒரு பாறைமேட்டில் நின்றால்தான் கிடைக்கும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இந்தப் பக்கத்தின் கோப்புகள் அத்தனையையும் ஒரு வருடத்துக்கு உன்னிடமே வைத்துக்கொள், திரும்பத் திரும்பக் கேட்டு வராதே என்று போனுக்கு உத்தரவு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கம்பம் இறங்கும்போது ஒருமுறை திறந்துவிட்டால் போதும், அப்புறம் நெட் இல்லாத லயத்திலும் பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். நகைக்கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் செய்துகொடுத்த எதற்கும் இல்லாத பெருமை அவளுக்கு இதில் இருந்தது.

விஜய்ராஜ் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. நம்பர்கள் இருந்த கோப்பைத் திறந்தாள், பழையதை அழித்தாள், புதியதை அடித்தாள், அதே பெயரில் மேலே ஏற்றினாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். அருண்பாண்டியின் நம்பர் சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது.

"என் போன்லயும் ஒருக்கா பாத்துருவமாக்கா?"

"உன் போனை எதுக்கு நோண்டிக்கிட்டு? இங்கன வந்துருச்சுல்ல. பஸ்ஸைப் பிடி, போ."

அவளுடைய கணினி எதையும் சேர்த்து வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொண்டுவரும்படி அமைக்கப்பட்டிருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள், செய்த மாற்றம் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக. விஜய்ராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். அவள் சீருடை விளம்பரத்துக்குத் திரும்பினாள்.

நாகஜோதிக்கு ஊர் உத்தமபாளையம். அப்பா சுருளியாண்டி நெல்லறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர், அறுவடை எங்கே இருக்கிறதோ அங்கே போய்விடுவார், தஞ்சாவூர் பக்கம் போனால் திரும்ப மாதக்கணக்காகும். ஊரிலேயே கணினி படித்துவிட்டு அவள் கோயம்புத்தூரில் ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினாள். எழுதச் சொன்னதையெல்லாம் சரியாக எழுதினாள். பேசச் சொன்ன இடத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து ஏசுதாசன் கடையில் சேர்ந்து, உத்தமபாளையத்துக்கும் தேனிக்குமாகப் பேருந்தில் போய்வந்துகொண்டே, காதில் ஒயரை மாட்டி வீடியோ பார்த்துப் பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டாள். மீதிப் பாதியை ஏசுதாசனிடமிருந்து கற்றுக்கொண்டாள். அவர் கற்றுக்கொடுத்தது அச்சகத் தொழில்.

ஏசுதாசன் குடும்பம் பஜாரில் இரண்டு தலைமுறையாக அச்சகம் வைத்திருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சபைக் கூட்டத்துக்கான சுவரொட்டி எல்லாம் அங்கேதான். ஒரு தடவை ஒரு பத்திரிகைக்குக் 'கல்யாணம்', 'கல்யாணம் இரண்டு', 'கல்யாணம் கடைசி', 'கல்யாணம் உண்மையிலேயே கடைசி' என்று கணினியில் கோப்புகள் சேர்ந்துபோய், முறிந்துபோன சம்பந்தத்து மாப்பிள்ளையின் பெயரோடு பத்திரிகை அச்சாகி, பெண்ணின் சொந்தக்காரர்கள் வீடுவரைக்கும் போய்விட்டது. பெண்ணின் தாய்மாமன் கடை வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ஏசுதாசன் ஒரு சட்டம் போட்டார். ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான். திருத்தம் வந்தால் பழையதை அழி, அதே பெயரில் புதியதை வை. பழையது கடையில் எங்கேயும் இருக்கக் கூடாது.

அச்சகத்தில் அது நல்ல சட்டம். பழைய தகடு இல்லையென்றால் பழைய பத்திரிகை அச்சாகாது. இணையதளம் செய்கிற வேலை வந்தபோதும் அவர் அதையே சொன்னார், அவளும் அதையே செய்தாள். பெயரை மாற்றி வைக்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்கே ஒழுங்கில்லாதவர்கள் என்றுதான் தோன்றியது.

ஆனி பிறந்து மேலே மழை பிடித்துக்கொண்டது. அருண்பாண்டிக்கு மலையிலிருந்து அழைப்பே வரவில்லை. ஒருமுறை கடைக்கு வந்தபோது, "விஜய்ராஜ் பயமுறுத்திட்டுப் போனான்க்கா, தூங்கவே முடியாதுன்னு. எனக்கு யோகம். ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல" என்றான். நாகஜோதியும் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

ஆடியில் ஒரு நாள் மதியம் முத்துக்குமரன் கடைக்கு வந்தான். தலையை மழித்திருந்தான். வேட்டியும் சட்டையும் புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் போனைத் திறந்தபடியே மாடியேறி வந்து நின்றான்.

"இந்தப் பக்கத்தைச் செஞ்சது யாருங்க?"

"நான்தாண்ணே" என்றாள். மலையிலிருந்து ஒருவர் தேடி வந்திருக்கிறார் என்று முதலில் மனசு குளிர்ந்தது.

"இந்தச் செவப்பைத் தொட்டா ஜீப்பு வரும்னு சொன்னாக."

"ஆமாண்ணே. எடுக்கலயா?"

"எடுக்கல."

அவன் உட்கார மறுத்து, நின்றபடியே சொன்னான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். அவன் மனைவி உமாதேவிக்கு எட்டாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்துபோயிருந்தது. அவன் மழையில் பாறைமேட்டுக்கு ஓடிச் சிவப்புப் பொத்தானைத் தொட்டான். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொன்னாள். திரும்பத் தொட்டான். அவள் திரும்பச் சொன்னாள். மழையால் அப்படிச் சொல்கிறாளோ, மேகம் விலகினால் எடுப்பானோ என்று அங்கேயே நின்றான். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினான். அங்கே உரமூட்டை ஏற்றி நின்ற ஒரு வண்டியைக் காலில் விழுந்து கேட்டு, மூட்டைகளை இறக்கிவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு வந்தான். சோதனைச்சாவடி தாண்டும்வரை அவள் பேசிக்கொண்டிருந்தாள். அடிவாரத்தில் பேசவில்லை.

"பிள்ளையும் தங்கல" என்றான். "விஜய்ராஜை வெட்டணும்னுதான் அவன் வீட்டுக்குப் போனேன். அவுக அம்மா அழுதாக. அவன் திருவிழாவோட போயிட்டானாம்ல. வெப்ல நம்பர் மாத்தியாச்சுன்னு சொன்னாக. மாத்துனீகளா?"

நாகஜோதி தன் கணினியில் பக்கத்தைத் திறந்தாள். அருண்பாண்டியின் நம்பர். அவன் தன் போனை மேசைமேல் வைத்துச் சிவப்பைத் தொட்டுக் காட்டினான். விஜய்ராஜின் நம்பர். ஒரே பக்கம், ஒரே சிவப்பு, பக்கத்தில் பக்கத்தில்.

"அப்ப ஆளுக்கு ஆள் வேற வேற காட்டுமா?"

உள்ளறையிலிருந்து ஏசுதாசன் வந்துவிட்டார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். "தம்பி, உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. கர்த்தர் ஆறுதல் தரணும். ஆனா இங்க பாருங்க, எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. எப்பவோ மாத்தியாச்சு. உங்க போன்லதான் ஏதோ கோளாறு. பழைய போனு வேற."

முத்துக்குமரன் நாகஜோதியைப் பார்த்தான். அவள் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் இறங்கிப் போயிருப்பான், தன் போனைத் திட்டிக்கொண்டே மிச்ச நாளைக் கழித்திருப்பான்.

"போன்ல கோளாறு இல்லண்ணே" என்றாள். "ஒரு வருசத்துக்குத் திரும்பக் கேக்காதேன்னு நான்தான் எழுதி வச்சேன். பேரை மாத்தாம உள்ள இருக்கிறதை மட்டும் மாத்துனேன். உங்க போன் அந்தப் பேரைப் பாத்துட்டு, இதுதான் நம்மகிட்ட இருக்கேன்னு பழசையே காட்டியிருக்கு. அது நான் சொன்னதைத்தான் கேட்டுருக்கு."

ஏசுதாசன் தொண்டையைச் செருமினார். முத்துக்குமரன் மேசையிலிருந்த போனைக் கையில் எடுத்தான்.

"யாராச்சும் வந்து நம்பர் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை வாயால சொல்லியிருந்தா?"

"குடுங்கண்ணே, சரிபண்ணித் தாரேன்" என்று கையை நீட்டினாள்.

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இது இப்படியே இருக்கட்டும். மத்தவுக போனைப் பாருங்க."

அவன் இறங்கிப் போன பிறகு ஏசுதாசன் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். "உன்னைய யாரு அரிச்சந்திரன் வேலை பார்க்கச் சொன்னா? சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்தப் பக்கத்தையே தூக்கிரு. இருந்தாத்தானே பிரச்சனை."

"தூக்குனாலும் அவுக போன்ல இருக்கும் அண்ணாச்சி."

"நம்மகிட்ட இல்லாதது அவன்கிட்ட எப்படி இருக்கும்?"

"நம்ம அடிச்சுக் குடுத்த பத்திரிகையை நம்மளால திரும்ப வாங்க முடியுமா? அப்படித்தான்."

அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். தாய்மாமன் செருப்போடு நின்றது ஞாபகம் வந்திருக்கும்.

அன்று மாலை அவருடைய மகன் ஜோயலுக்குப் போன் செய்தாள். சென்னையில் பெரிய கம்பெனியில் இதே வேலையில் இருக்கிறவன். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "ஃபைல் பேர்ல ஹாஷ் போடலயா நீ? அது எல்லாரும் போடுறதுதானே ஜோதி. முதல்ல செய்யுற வேலையே அதுதான்."

விஷயம் சுலபம்தான். கோப்பில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கணக்குக்குள் விட்டால், கடைசியில் பொருளில்லாத சில எழுத்துகளும் இலக்கங்களுமாக ஒரு சின்னத் துண்டு விழும். அதைக் கோப்பின் பெயரோடு சேர்த்துவிட வேண்டும். உள்ளே ஒரே ஒரு இலக்கம் மாறினாலும் அந்தத் துண்டு முழுக்க மாறும், பெயரும் மாறும். புதுப் பெயரைப் பார்த்தால் போன் தன்னிடம் அது இல்லை என்று தெரிந்துகொண்டு புதியதைக் கேட்டு வாங்கும். எது மாறவில்லையோ அதன் பெயரும் மாறாது, அதை எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. எந்தப் பெயரில் எது இருக்கிறது என்று சொல்கிற முதல் பக்கத்தை மட்டும் போன் ஒவ்வொரு முறையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஏசுதாசனின் சட்டத்துக்கு நேர் எதிரான சட்டம். ஒரு திருத்தத்துக்கு ஒரு பெயர், பழையதும் அதன் இடத்தில் அப்படியே இருக்கலாம்.

அவள் அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். ஏற்றிவிட்டு, தன் கணினியில் பார்ப்பதற்குப் பதிலாக, ஒருமுறைகூட அந்தப் பக்கத்தைத் திறக்காத ஏசுதாசனின் போனில் பார்த்தாள். அருண்பாண்டியின் நம்பர் வந்தது. எப்போதோ திறந்து வைத்திருந்த தன் சொந்தப் போனில் பார்த்தாள். விஜய்ராஜின் நம்பர்.

முதல் பக்கத்தையும் சேர்த்துத்தான் அவள் ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். மலையில் இருக்கிற போன்கள் அந்த முதல் பக்கத்தையே தங்களிடமிருந்து எடுத்துக்கொண்டன. புதுப் பெயர் ஒன்று இருக்கிறது என்று அவற்றுக்கு யாரும் சொல்லப் போவதில்லை. இனி பிறக்கிற போன்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. பழைய போன்கள் ஒவ்வொன்றிலும், நெட் கிடைக்கிற இடத்தில், ஒருமுறை பக்கத்தை விரலால் கீழே இழுத்துப் புதுப்பித்தால்தான் உண்டு.

அதன் பிறகு அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் கம்பம் சந்தையில் போயின. மலையில் இருக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவு போட்டாள். தக்காளிக் கடைகளுக்கு நடுவே நின்று, மலையிலிருந்து இறங்குகிறவர்களை மறித்துப் போனைக் கேட்டாள். சிலர் கொடுத்தார்கள். சிலர், தவணை வசூலிக்க வந்தவளோ என்று மிரண்டு விலகினார்கள். சில வாரங்களில் அருண்பாண்டி ஜீப்பிலேயே மேலே ஏறி லயம் லயமாகப் போனாள். அங்கே அவளுக்கு முன்னால் ஒரு பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. குரல் பதிவைக் கேட்டுவிட்டு யாரோ சிக்னல் இல்லாத இடத்திலேயே பக்கத்தை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கம் போய்விட்டது, நெட் இல்லையென்று காட்டுகிற டைனோசர் படம் வந்து நின்றது.

"நீதானா ஆத்தா அது?" என்றாள் கருத்தம்மாள் என்கிற அம்மாள், ஏலக்காய் பறித்துக் கறுத்துப்போன விரல்களால் போனை மாராப்போடு அணைத்துக்கொண்டு. "இழுக்கச் சொன்னியாம். இழுத்தா ஓணான் வருதாம்ல."

"இங்கன இழுக்கக் கூடாதும்மா. கம்பத்துக்கு வந்து இழுக்கணும்."

"இங்கன இழுத்தா ஓணானு, அங்கன இழுத்தா ஜீப்பா? என் மக வயித்துப்பேரன் படமெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. நான் இழுக்க மாட்டேன், உன்னையும் தொட விட மாட்டேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். "பெரியம்மா போனை எமனே கேட்டாலும் குடுக்காது" என்றாள் ஒருத்தி. அப்புறம் அந்தச் சொல்லைக் கேட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள். உமாதேவி இருந்த வீடு அதே வரிசையில் பூட்டிக் கிடந்தது. முத்துக்குமரன் கணக்கை முடித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான், தேவிகுளம் பக்கம் என்றார்கள், இல்லை திருப்பூர் என்றார்கள்.

நாகஜோதி தன் போனிலேயே அருண்பாண்டியின் நம்பரைக் காட்டி, கதவுகளில் சாக்பீஸால் எழுதிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் போனபோது சாரல் அதை அழித்திருந்தது. பெயிண்டும் தூரிகையும் கொண்டுபோய் எழுதினாள். ஒரு தோட்டத்தில் மேஸ்திரி, சுவர் முதலாளியுடையது என்று சொல்லி அவள் முன்னாலேயே சுண்ணாம்பு அடித்தார். எழுதிய இடங்களிலும் ஆட்கள் நிலையாக இல்லை. இந்தத் தோட்டத்தில் பறிப்பு முடிந்தால் அடுத்த தோட்டம். அம்மா போன் மகளுக்குப் போகிறது, மகள் போன் மருமகனோடு வேறு மலைக்குப் போகிறது. எத்தனை போன்களில் அந்தப் பழைய பொத்தான் சிவந்து கிடக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் யாரும் இல்லை.

"நீ என்ன விசமா வச்ச?" என்று அம்மா வீட்டில் கத்தினாள். "ஊர்ல ஜீப்பு வராம ஒருத்தருமே செத்ததில்லையா? ஞாயித்துக்கிழமையானா மலையில சுத்துற பொண்ணைப் பாக்க எவன் வருவான்?" போடியிலிருந்து வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. அது ஞாயிற்றுக்கிழமைகளாலா, வேறு எதனாலா என்று அவள் விசாரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது அவளுக்கு அது தோன்றியது. இத்தனை நாள் போன்களின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தோம். போன்களை மாற்ற முடியாது. ஆனால் அவை எல்லாம் போய்த் தட்டுகிற கதவு ஒன்றுதான். பழைய பெயர் எங்கேயாவது இருந்துகொண்டேதான் இருக்குமென்றால், அதைக் கூப்பிடுகிறவனுக்குப் பதில் சொல்ல அங்கே ஒருத்தர் இருக்க வேண்டும். விஜய்ராஜின் நம்பரை உயிரோடு வைத்தால் போதும்.

மஸ்கட்டுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். நடந்தது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"அந்த சிம்மை ஏர்போர்ட்லயே கழட்டிட்டேன்க்கா. ரீசார்ஜ் பண்ணாம கட்டாகிருச்சு. சிம் கம்பெனில கேட்டேன், அது இனி என் நம்பர் இல்லையாம். வேற யாருக்காச்சும் குடுத்துருவானாம்." அவன் குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு என் போன்ல ஒருக்கா பாத்துருக்கலாம்ல."

"ஆமாடா" என்றாள்.

அதிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பேருந்தில் போகும்போது அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. உபயோகத்தில் இல்லை, உபயோகத்தில் இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. மார்கழியில் ஒரு காலை, வண்டி சின்னமனூர் தாண்டும்போது, மணியடித்தது. அவள் பயந்துபோய்த் துண்டிக்கப் பார்த்தாள். அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"யாரு பேசுறது?" இளம் பெண் குரல், பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற இரைச்சல்.

"நான் தேனியில இருந்து..."

"தேனியா? ஜீப்பு இல்ல. ஜீப்பு கிடையாது. எத்தன தடவதான் சொல்ல? ராங் நம்பர்."

"வைக்காதீங்க, வைக்காதீங்க. ஜீப்புன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"இந்த நம்பரு வாங்குன நாள்லேருந்து இதே தொல்லைதான். போன வாரம் ஒரு ஆளு, நான் இல்லைன்னு சொல்லச் சொல்ல, வாங்க வாங்கன்னு கத்துனாரு. குடிச்சிருக்காருன்னு நினைச்சு வச்சிட்டேன்."

நாகஜோதி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யார், எந்தத் தோட்டம், யாருக்கு என்ன என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. அருண்பாண்டியிடம் பிறகு விசாரித்துப் பார்த்தும், அந்த வாரம் யார் கத்தினார் என்று மலையில் யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலே போய்விட்டது.

அந்தப் பெண் பெயர் ஜெபஷீலா. நாகர்கோவிலில் ஒரு துணி நிறுவனத்தில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். நாகஜோதி பேருந்தின் இரைச்சலுக்குள் நின்றுகொண்டே முழுவதையும் சொன்னாள். தான் செய்ததையும், உமாதேவியையும், இழுக்காத போன்களையும்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"அந்த நம்பரை மாத்திராதீங்க. யாராச்சும் ஜீப்புன்னு கேட்டா, ஒரு நம்பர் அனுப்புறேன், அதைச் சொல்லுங்க. அது போதும்."

"நான் என்ன உங்க ஊருக்கு டெலிபோன் ஆபரேட்டரா? வேலை நேரத்துல போனைத் தொட்டாலே சூப்பர்வைசர் சம்பளத்துல வெட்டுறாரு." மெஷின் இரைச்சல் தூரமானது, எழுந்து வெளியே வந்திருப்பாள். "எட்டு மாசமா அந்தக்கா?"

"ஆமா."

அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். நாகஜோதி அருண்பாண்டியின் நம்பரை அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது, ஒரு சொல்லும் வரவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினாள். அதற்கும் இல்லை. மறுபடி கூப்பிட்டுக் கேட்டால் நம்பரையே மாற்றிவிடுவாளோ என்று பயந்து, அப்புறம் கூப்பிடவே இல்லை. தினமும் காலையில் பேருந்தில் ஏறும்போது, அந்த நம்பர் இன்னும் அவளிடம்தான் இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் அவள் படத்தை மட்டும் பார்த்துக்கொள்வாள். மாதா கோயில் முன்னால் நிற்கிற ஒல்லியான ஒரு பெண்.

மாசியும் பங்குனியும் போயின. வீரபாண்டியில் மறுபடி கொடியேறி இறங்கியது. அந்த ஒரு வருடம் முடிந்தும் பழைய பக்கம் காட்டுகிற போன்கள் இருந்தன. நெட் இல்லாத இடத்தில் காலக்கெடு தாண்டியதையும் போன் தூக்கிக் காட்டிவிடுகிறது என்று அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஏசுதாசன் புதுச் சட்டத்துக்குப் பழகிக்கொண்டார். எல்லாக் கடைகளின் தளங்களிலும் இப்போது கோப்புகள் வாயில் நுழையாத பெயர்களோடு கிடந்தன. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்குப் போவதை விடவில்லை.

மேலே மழை பிடித்துவிட்டது என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். ஆனியின் கடைசியில், வேலையில் இருந்தபோது, மேசைமேல் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா நான் ஜெபஷீலா. இப்ப ஒரு பொம்பள கூப்பிட்டா. ஜீப்பு வேணும்னு அழுதா. பின்னால மழைச் சத்தம். நீங்க தந்த நம்பரச் சொன்னேன். எழுத ஒண்ணும் இல்லன்னா. மூணு தடவ சொல்லிக் குடுத்து, திரும்பச் சொல்லச் சொன்னேன். கடைசித் தடவ சரியாச் சொன்னா. அதுக்குள்ள லைன் கட்டாயிட்டு. திரும்பப் போட்டா போகல. யாருக்கு என்னன்னு கேக்க மறந்துட்டேன். ஜீப்பு போச்சான்னு விசாரிச்சு எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நான் வெளிய கேட்ல நிக்கேன்."